பன்னிரண்டு டப்பாவும் ஒரே எண்

பள்ளிக்கூடத்தில் டப்பா வைக்கப் போன அன்று சாவிக்காரர் ஏணியில் நின்று பின்கட்டில் இருக்கும் தன் வீட்டு ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் பள்ளிக்கூடத்தின் மொத்தச் சாவியும் தொங்கியது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது குலுங்கியது.

"யாரு தம்பி? கேஸ் டெஸ்ட் பண்ண வந்தவரா?"

"ஆமாண்ணே."

"அந்தப் பட்டையை எடு. அது இல்ல, கறுப்பு. ஒரு முனையைப் பிடிச்சுக்க. விட்டுடாத."

பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்து ஒட்டினார். இறங்கி வந்து உள்ளங்கையை ஜன்னல் இடுக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

"காத்து வருதா?"

"இல்லண்ணே."

"எப்படி வரும்? நான்ல ஒட்டியிருக்கேன்! மக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சேரப் போறா. மாப்பிள்ளை கப்பல்ல இருக்கான். புள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா இங்கதான் வர்றா. இந்தக் குளிருக்குப் பச்சப்புள்ள மேல ஒரு இழை காத்து படக் கூடாது."

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் மேட்டை வெட்டிக் கட்டியது. அவர் வீடு அந்த வெட்டுக்குள் பாதி புதைந்திருந்தது. முன்னறை, உள்ரூம், சமையலறை. உள்ரூமின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். அங்கேதான் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் புதுத் தொட்டில், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

அவர் மனைவி பள்ளிக்கூட கேன்டீனைப் பார்த்துக்கொள்பவர். ஊரே அவரைக் கேன்டீன் அக்கா என்றது. என்னைச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து டீயும் ரொட்டியும் கொடுத்தார். நான் பையைத் திறந்து டப்பாக்களை மேசையில் வைத்தேன். கையகல டின் டப்பா, உள்ளே கரித்தூள், மேலே வலை.

"இது என்னப்பா, ஷூ பாலிஷ் டப்பா மாதிரி இருக்கு. இதான் டெஸ்ட்டா?"

"ஆமாக்கா. மண்ணுக்கு அடியில பாறையிலேர்ந்து ரேடான்னு ஒரு வாயு கசியும். தரை வெடிப்பு வழியா ரூமுக்குள்ள ஏறிடும். அதை இந்தக் கரி இழுத்து வச்சுக்கும். லேப்ல அளந்து சொல்வாங்க."

"வாசம் வருமா?"

"வராது."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வாசமும் இல்ல, கண்ணுக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரர் மூளை மாதிரின்னு சொல்லு."

ஏணியிலிருந்து குரல் வந்தது. "கேட்டுச்சுடி!"

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்." என் பக்கம் திரும்பினார். "அதால என்ன ஆகும்?"

"பல வருஷம் சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆகாது. புற்றுநோய் வரலாம். அதான் எல்லாப் பள்ளிக்கூடத்தையும் பாக்கச் சொல்லி உத்தரவு."

"புள்ளைங்க இருக்கற இடமாச்சே," என்றார். ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியிருந்தது. "கல்யாணம் ஆச்சா உனக்கு?"

"ஆச்சு. போன வருஷம் இறந்துட்டா."

அவர் அடுப்படிக்குத் திரும்பினார். அவித்த முட்டை ஒன்றை உரித்து என் தட்டில் வைத்தார். உப்பைப் பக்கத்தில் தள்ளினார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவுக்கு ஒரு சிறுமி வந்து, "அக்கா, என் கண்ணாடி," என்றாள். அக்கா அலமாரி மேலிருந்து ஒரு பிரம்புக் கூடையை இறக்கினார். அதில் ஸ்வெட்டர், டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, பந்து. கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, அவள் மூக்கில் தானே மாட்டி அனுப்பினார்.

"சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் ஒரு சுத்து வருவேன். கெடக்கறதையெல்லாம் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்துடுவேன். காலையில யாருது எதுவோ அந்தந்த எடத்துல போய் உக்காந்துக்கும். இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் ஒரு ரப்பர் தொலைஞ்சதில்ல தெரியுமா?"

"நல்லதுக்கா," என்றேன். முட்டையைச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு வகுப்பறை. கீழே ஆறு, மாடியில் ஆறு. ஒவ்வொன்றிலும் அலமாரி மேல் ஒரு டப்பா. ஜன்னல்களைச் சாத்தியே வைக்க வேண்டும், டப்பாவை யாரும் தொடக் கூடாது என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவரைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். ஆள் உயரம் குறைவு, குரல் மட்டும் பெரிது. கிளம்பும்போது கேன்டீன் அக்காவிடமும் சொன்னேன்: "யாரும் தொடாம பாத்துக்கங்கக்கா."

"என் பொறுப்பு," என்றார்.

வீட்டுக்கு டப்பா வைக்கவில்லை. உத்தரவில் வகுப்பறைகள் மட்டும்தான் இருந்தன.

வாரம் முழுக்கச் சாரல். வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே போய் டப்பாக்களை எடுத்தேன். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. மூடி போட்டு, டேப் சுற்றி, லேபுக்கு அனுப்பினேன்.

ரிசல்ட் வந்த அன்று நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் பெற்றோர் கூட்டம். ஸ்கூட்டர், சைக்கிள், குடை. ஆளாளுக்கு ஒரு பேச்சு.

"எல்லாக் கிளாஸ்லயும் விஷ வாயுவாம்!"

"மூணு மடங்காம்!"

"அதான் எம்புள்ள கணக்குல பெயிலாகறான்னு இப்பத்தான் தெரியுது."

பெரிய டீச்சர் அறையில் கல்வி அதிகாரி போனில் இருந்தார். டீச்சர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். அவ்வளவு சத்தம். இன்றே மூட வேண்டும். பிள்ளைகளை வேறு மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும், பின்னால் குடியிருப்பவர்களும் சேர்த்து.

சாவிக்காரர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "காலின்னா?" என்றார் என்னிடம். "நான் எங்க போறது? பள்ளிக்கூடமே இல்லைன்னா சாவி எதுக்கு, சாவிக்காரன் எதுக்கு? மக ஆஸ்பத்திரியில வலியில கெடக்கறா தம்பி. நாளைக்குப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கா வருவா?"

ரிசல்ட்டை விரித்துப் பார்த்தேன். எல்லை இருநூறு. எங்கள் எண்கள் அறுநூற்றுப் பத்து, அறுநூற்று ஐந்து, அறுநூற்றுப் பதினைந்து, அறுநூற்று எட்டு. கடைசிவரை இப்படியே போயின.

அப்போது சாவிக்காரர் பையில் போன் அடித்தது. காதில் வைத்தார். கேட்டார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு!"

சாவிக்கொத்து குலுங்க ஓடினார். கேன்டீனுக்குப் போக வேண்டியவர் வாசலுக்கு ஓடிவிட்டார். விஷ வாயு என்று கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே போய், "பொண்ணு! என் மகளுக்குப் பொண்ணு!" என்று கத்தினார். கூட்டம் ஒரு கணம் நின்றது. யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். பிறகு பழையபடி கத்த ஆரம்பித்தார்கள்.

நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ இடித்தது. மண்ணிலிருந்து வருகிற வாயு. கீழே அதிகம் இருக்கும், மாடிக்குப் போகப் போகக் குறையும். எங்கே அளந்தாலும் அப்படித்தான். இங்கே மாடியும் ஒன்று, தரையும் ஒன்று. பன்னிரண்டு அறையில் இருந்த பன்னிரண்டு டப்பாவும் ஒரே அறையில் இருந்தது போல.

எழுந்து கேன்டீனுக்கு ஓடினேன். ஓடி எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "கேட்டியா தம்பி? மூணு கிலோவாம்! முடி நிறைய இருக்காம்!"

"சந்தோஷம்க்கா. ஒன்னு கேக்கணும். அந்த டப்பாவையெல்லாம் யாராவது எடுத்தாங்களா?"

"எவன் எடுப்பான்? நான் விடுவேனா?" கத்தியை நீட்டிக்கொண்டே சொன்னார். "சாயங்காலமானா பந்து விளையாட வர்ற பசங்க ஜன்னல் ஏறிக் கிளாசுக்குள்ள குதிப்பானுங்க. ஒருத்தன் கையில கெடச்சாலும் அது டப்பாவா இருக்காது, பந்தா இருக்கும். அதனால தெனமும் ஸ்கூல் விட்டதும் எல்லாத்தையும் கூடையில எடுத்துக்கிட்டு வந்துடுவேன். காலையில புள்ளைங்க வர்றதுக்குள்ள எங்க இருந்துச்சோ அங்கயே வச்சுடுவேன். ஒன்னுகூட மாறல. பின்னாடி நம்பர் எழுதியிருந்தியே, பாத்துப் பாத்து வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பெரிய டீச்சரும் சாவிக்காரரும் வந்துவிட்டார்கள். டீச்சருக்கு விஷயம் புரிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"அப்ப அது கிளாஸ் ரூம் நம்பரே இல்ல! என் பள்ளிக்கூடம் நல்லா இருக்கு! அட, உன்னை நான் என்ன செய்யறது! ஊரையே கலக்கிட்டியே!"

"நான் என்னத்தைக் கலக்கினேன்? பத்திரமா வச்சேன்!"

"அளக்க வச்சதைத் தூக்கிட்டுப் போனா எப்படி அளக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது என்ன தராசா?"

டீச்சர் சிரித்தார். சாவிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பேத்தி பிறந்த சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. "என்னை மூளை இல்லன்னு சொன்னா! என்னை!" டீச்சர் வாசலுக்குச் சொல்ல ஓடினார். அங்கே ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது.

நான் மட்டும் கேட்டேன். "கூடையை எங்கக்கா வச்சீங்க?"

"எங்கன்னா? கூடை வழக்கமா வைக்கற எடத்துலதான். அன்னிக்கு நீயே பாத்தியே, அந்தக் கூடை நெறைஞ்சிருந்துச்சு. அதனால டப்பாவை மட்டும் உள்ரூம்ல, கட்டில் தலைமாட்டு அலமாரியில, தனியா ஒரு தட்டுல..."

நிறுத்திவிட்டார். சொல்ல வந்ததை அவரே கேட்டுவிட்டார்.

வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்த நம்பர் எங்க வீட்டு நம்பரா?"

"ஆமாக்கா."

"மூணு மடங்கு."

டப்பா பகலெல்லாம் வகுப்பறையில் இருந்தது, ராத்திரி மட்டும்தான் அங்கே இருந்தது. அப்படியானால் வீட்டின் நிஜமான எண் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதைச் சொல்லவில்லை. "மீட்டர் வச்சுப் பாத்துச் சொல்றேன்," என்றேன்.

சாவிக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, எடுத்துவைக்க மறந்த பொருள் மாதிரி. "தொட்டில் அங்கதான் இருக்கு," என்றார்.

வண்டியில் மீட்டர் இருந்தது. செங்கல் அளவுப் பெட்டி. பத்து நிமிஷத்துக்கொரு தரம் எண் மாறும். மகளுக்கு ஆப்பரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்திருந்தார்கள், அதனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாள். அக்கா பகலில் அங்கேயும் மாலையில் இங்கேயுமாக ஓடினார். மறுநாள் மீட்டர் ஆயிரத்து நூறைக் காட்டியது.

சாவிக்காரர் நம்ப மறுத்தார். "இங்க பதினோரு வருஷமா இருக்கோம். எனக்கு ஒரு தும்மல் உண்டா?"

"காலையில நீங்க இருமற இருமலுக்கு மாடி கிளாஸ்ல தூங்கற பசங்ககூட எழுந்துப்பாங்க," என்றார் அக்கா.

"அது சிகரெட்டு."

"அண்ணே, ரெண்டும் சேர்ந்தா ரொம்ப மோசம்," என்றேன். "சிகரெட்டை விட்டே ஆகணும்."

அக்கா அவர் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை உருவி அடுப்பில் போட்டார். அவ்வளவு சீக்கிரம் நடந்தது. சாவிக்காரர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்?"

பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார். "எங்களுக்கு ஏதாவது ஆயிருக்குமா?"

"ஆயே தீரும்னு இல்லக்கா. வருஷக்கணக்கா ஏறுற விஷயம் இது. இன்னிக்கு நிறுத்தினா இனிமே ஏறாது. டாக்டரைப் பாத்துடுங்க. ஆனா ரூமைச் சரி பண்ண முடியும். நிச்சயமா முடியும்."

அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

வேறு வீடு பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னார். சாவிக்காரர் மறுத்துவிட்டார். விடிகாலையில் கேட்டைத் திறப்பவர் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தால்தான் அந்த வேலை. வெளியே போனால் வேலை இன்னொருவருக்குப் போகும். அக்காவின் கேன்டீனும் போகும். "மக வரும்போது எனக்கு வீடு இருக்கணும்," என்றார். "இந்த வீடு."

வகுப்பறைகளுக்குப் புது டப்பா வைத்தோம். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் ஒரு இரும்புக் கம்பிக் கூண்டில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவுக்குத் தராமல் சாவிக்காரரிடம் கொடுத்தேன். "என்கிட்ட சாவி குடுக்க மாட்டியா?" என்றார் அக்கா. "மாட்டேன்க்கா," என்றேன். எண்பது, எழுபது, மாடியில் முப்பது. பள்ளிக்கூடம் திறந்தது.

வீட்டைச் சரி செய்ய உத்தரவில் இடமில்லை என்றார் அதிகாரி. பெரிய டீச்சர் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துப் பேசினார். இந்த முறை அந்தப் பக்கத்தில்தான் ரிசீவர் தள்ளிப் பிடிக்கப்பட்டிருக்கும். "உத்தரவுல பள்ளிக் கட்டடம்னுதானே இருக்கு? அது பள்ளிக் கட்டடம்தான் சார். அதே அஸ்திவாரம், அதே கூரை. இல்லைன்னா நீங்க வந்து எது எங்க முடியுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுப் போங்க." அதிகாரி வரவில்லை. அனுமதி வந்தது.

எங்கள் கம்பெனியில் தரை துளைக்கிறவருக்கு மரங்கொத்தி என்று பேர். காது மந்தம், வாய் பெரிது. டிரில்லைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் ஜன்னல்களைப் பார்த்தார்.

"இதென்னப்பா வீடா, ஊறுகாய் ஜாடியா? இவ்வளவு இறுக்கமா யாரு மூடினது?"

"நான்தான்," என்றார் சாவிக்காரர்.

"நல்லா மூடியிருக்கீங்க. கீழேர்ந்து வர்றதெல்லாம் வெளிய போக வழியில்லாம உள்ளயே குடித்தனம் நடத்துது."

சாவிக்காரர் அப்போதுதான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். போய் ஜன்னல் பட்டையைத் தொட்டார். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்க வந்தார்.

கட்டிலையும் அலமாரியையும் நகர்த்தினோம். நான் புகைக்குச்சியைப் பற்ற வைத்துத் தரையோரமாகக் கொண்டுபோனேன். மெல்லிய கோடாகப் புகை. சுவரோரம் முழுக்க நேராகவே நின்றது. பின்மூலையில், அலமாரி இருந்த இடத்தில், தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து ஏறும் இடத்தில், புகை சட்டென்று மேலே துள்ளியது.

"அய்யோ! ஊதுது!" என்றார் அக்கா. "கீழேர்ந்து யாரோ ஊதற மாதிரி!"

குழாயைச் சுற்றி விரல் நுழையும் ஓட்டை. கட்டினவன் அடைக்காமல் போயிருந்தான். அதற்கு நேர் மேலேதான் பன்னிரண்டு டப்பாவும் இருந்த தட்டு.

"இதை அடைச்சா போதாதா?" என்றார் சாவிக்காரர்.

"போதாதுண்ணே. வேற வெடிப்பு தேடிக்கும். தரைக்கு அடியிலயே இழுத்து வெளிய விடணும்."

மரங்கொத்தி டிரில்லைத் தரையில் ஊன்றினார். வீடே அதிர்ந்தது. சமையலறையில் தட்டுகள் ஆடின. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. ஜன்னல் கண்ணாடி முழுக்க மூக்குகள். ஈரச் சிமெண்டுத் தூள் வாசம். வட்டமாக ஒரு துண்டு வெளியே வந்தது. கையை விட்டு ஜல்லியும் மண்ணும் வாளி வாளியாக அள்ளினோம். சாவிக்காரர் அள்ளினார், நான் சுமந்தேன், அக்கா வெளியே கொட்டினார். நடுவில் எல்லாருக்கும் சூப் வந்தது. உருளைக்கிழங்கும் மிளகும். நின்றுகொண்டே குடித்தோம். சூடு தொண்டையில் இறங்குவது தெரிந்தது.

அன்று மத்தியானம்தான் மகளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள்.

"டாக்ஸி சொல்லியாச்சாம்!" அக்கா போனோடு ஓடி வந்தார். "எவ்வளவு நேரமாகும்?"

"பைப் ஏத்தணும், ஃபேன் மாட்டணும்."

"மாட்டுங்களேன்! யாரு வேணாம்னா?"

பிவிசி பைப்பைக் குழியிலிருந்து சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரைக்கு மேல் வரை ஏற்றினோம். சாவிக்காரர் ஏணியில். பிள்ளைகள் இடைவேளைக்கு விட்டதும் மொத்தப் பேரும் கீழே நின்றார்கள். "லெப்ட்ல மாமா! லெப்ட்ல!" யாருக்கும் எதற்கு என்று தெரியாது. ஆனால் எல்லாருக்கும் அவசரம். மணி அடித்தும் நகரவில்லை. பெரிய டீச்சரும் அங்கேயே நின்று, "நேரா இல்ல, நேரா இல்ல," என்றார்.

ஃபேனைப் போட்டோம். மெல்லிய ரீங்காரம். குழாயோர ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தேன். அங்கே புகைக்குச்சியைக் காட்டினேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். புகை ஒரு நொடி தயங்கியது. பிறகு தலைகீழாகக் கவிழ்ந்து, நூல் போல, ஓட்டைக்குள் இறங்கியது.

"உள்ள போவுது!" அக்கா என் தோளில் ஓங்கி அடித்தார். "உள்ள போவுதுடா! இழுக்குது!"

மரங்கொத்திக்கு அது மட்டும் கேட்டது. "இழுக்காம? நான் மாட்டினது!"

இப்போது ஓட்டையை அடைத்தேன். மீட்டரைத் தொட்டில் மேல் வைத்தேன். முதல் எண் எண்ணூறு. அடுத்ததற்குக் காத்திருந்தோம். நானூற்று எழுபது என்று வந்தபோது அக்கா உள்ளே வராமல் கதவில் நின்று, "எவ்வளவு?" என்றார். நான் சொல்ல, அவர் சாவிக்காரரிடம் கத்த, அவர் கேட்டில் நின்ற கூட்டத்திடம் கத்தினார். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. முந்நூறு. இருநூற்று நாற்பது.

வாசலில் டாக்ஸி ஹாரன்.

மகள் மெதுவாக நடந்து வந்தாள். கையில் போர்வைப் பொட்டலம். உள்ளே சிவப்பாக ஒரு நெற்றி. பிள்ளைகள் வழிவிட்டார்கள், விட்டுவிட்டு மறுபடி நெருக்கினார்கள். அவள் கதவருகில் நின்றாள்.

"என்னப்பா, வீட்ல ஏதோ விசேஷம் மாதிரி இருக்கு?"

"உள்ள வா, உள்ள வா," என்றார் சாவிக்காரர்.

அப்போது எண் மாறியது. நூற்று எண்பது.

"இருநூறுக்குக் கீழ!" சாவிக்காரர் குதித்தார். "எல்லைக்குள்ள வந்துருச்சு! முடிஞ்சுது! வா கண்ணு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. ஆட்கள் போய் வந்துகொண்டே இருந்தார்கள். அதனாலும் எண் இறங்கியிருக்கலாம். சாத்திய வீட்டில், ஒரு முழு ராத்திரியில் என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு.

"இன்னிக்கு வேண்டாம்ணே," என்றேன்.

"என்னது?"

"கதவைச் சாத்தி ஒரு ராத்திரி பாக்கணும். நாளைக்குக் காலையில சொல்றேன்."

"டேய், நீதானேடா இருநூறுன்னு சொன்ன! நூத்தி எண்பதுதானே காட்டுது! ஆப்பரேஷன் பண்ண உடம்பு, எம்மக நின்னுக்கிட்டு இருக்கா! இப்ப வந்து ராத்திரிங்கற! என்னடா நினைச்சுக்கிட்டு இருக்க?"

அவர் குரல் உடைந்தது. நாளை என்று சொன்னதை நான் மாற்றவில்லை.

அக்கா நடுவே வந்தார். "கத்தாதீங்க. புள்ள தூங்குது." என்னை ஒரு முறை பார்த்தார். "ஒரு டப்பாவை நகத்தினதுக்கே நான் இவ்வளவு பட்டுட்டேன். இனிமே இவன் சொல்லாம ஒன்னையும் நகத்த மாட்டேன். புள்ளையையும்தான்."

"அப்ப எங்க படுக்க வைக்கறது?"

"என் ரூம்ல," என்றார் பெரிய டீச்சர்.

மாடியில் அவர் அறை. மேசையிலிருந்த கோப்புகளையெல்லாம் தரையில் இறக்கினார். உடற்பயிற்சி மெத்தைகள் வந்தன. போர்வைகள் வந்தன. ஐந்தாம் வகுப்பு ஒன்று தன் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு ஓடியது. கடைசி வகுப்பு முடியும்வரை அந்த வராந்தாவில் முழுப் பள்ளிக்கூடமும் நுனிக்காலில் நடந்தது. அப்படியொரு அமைதியைத் தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை என்று டீச்சரே சொன்னார். "இவளை நான் வேலைக்கு எடுத்துக்கலாம் போலிருக்கே."

சாவிக்காரர் என்னிடம் பேசவில்லை. ஆனால் கதவைச் சாத்தும்போது எந்த இடுக்கும் விடாமல், அந்த ரப்பர் பட்டைகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துச் சாத்தினார். சோதனை சோதனையாகவே இருக்கட்டும் என்று.

காலையில் நான் வந்தபோது மூன்று பேர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள். சாவிக்காரர், அக்கா, டீச்சர். ராத்திரி பெய்த மழை முற்றத்தில் தேங்கியிருந்தது. கூரைக்கு மேல் பைப் நுனியில் லேசான ஆவி.

"திற," என்றார் அக்கா.

"நீ திறடி."

"சாவி உங்ககிட்டதானே இருக்கு!"

அத்தனை சாவியில் தன் வீட்டுச் சாவியைத் தேடினார். இரண்டு தடவை தப்பாகப் போட்டார். கதவு திறந்ததும் யாரும் உள்ளே போகவில்லை. என்னைத் தள்ளிவிட்டார்கள்.

உள்ரூம் கதகதப்பாக இருந்தது. மீட்டரைக் குனிந்து பார்த்தேன். ராத்திரி எண்களையெல்லாம் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எழுபது. அறுபத்தைந்து. அறுபது. ஐம்பத்தைந்து. எங்கேயும் ஏறவில்லை.

"தம்பி! என்னடா! உயிரை வாங்காத!"

"அம்பத்தஞ்சுக்கா! கதவு சாத்தியே அம்பத்தஞ்சு!"

என் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அவரைக் கட்டிக்கொண்டார். சாவிக்காரர் என் தலையைப் பிடித்து ஆட்டினார், எதற்கென்று தெரியாமல், கொஞ்சம் வலிக்கும்படி. "டேய்! டேய்!" என்றார்.

"போ," என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீயே மேல போய்ச் சொல்லு. அவ ராத்திரி பூரா அதே நெனப்புல தூங்கல."

படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். அவர்களும் பின்னால் வந்தார்கள். டீச்சர் அறையில் மகள் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை விழித்திருந்தது. ஒரு கை போர்வைக்கு வெளியே வந்து காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது.

அவள் நிமிர்ந்தாள். கேட்கவில்லை. முகத்தில் கேள்வி மட்டும் இருந்தது.

எண்ணைச் சொல்லத்தான் போனேன். எண் நாக்கு நுனியில் இருந்தது.

"வீட்டுக்கு வாங்க," என்றேன்.

பின்னால் சாவிக்காரர் வெடித்துச் சிரித்தார். "யார் வீட்டுக்கு யார்டா வாங்கன்னு கூப்பிடறது!" சிரித்துக்கொண்டே மகளுக்குக் கை கொடுத்து எழுப்பினார். அக்கா பைகளை எடுத்தார், டீச்சர் போர்வைகளை அள்ளினார். மகளுக்கு அப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடிந்தது. குழந்தையை வாங்க யார் கையும் காலியாக இல்லை, என் கை மட்டும்தான் காலியாக இருந்தது.

"தலையைப் பிடிச்சுக்க," என்றார் அக்கா.

பிடித்துக்கொண்டேன். முதல் மணி அடிப்பதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி நடந்தோம்.